பீரோவில் ஏழு பாட்டில்: திறக்காத பழைய சரக்கை என்ன பண்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன அக்டோபர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில வேலூர்ல இருந்து பெரியம்மா போன் பண்ணாங்க. குரலைத் தாழ்த்திப் பேசினாங்க. "கண்ணு, பெரியப்பா பீரோவுல மேல் தட்டுல ஏழு பாட்டில் இருக்குடா. ஒண்ணுகூட பிரிக்கல. நீ வந்து பாத்து என்ன பண்ணலாம்னு சொல்லு. உங்க அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

பெரியப்பா ரிட்டயர்டு மிலிட்டரி. வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பாங்க. அவர் இறந்து அடுத்த மாசம் வருஷத் திதி. அண்ணன் குடியை நிறுத்திப் பதினாலு மாசம் ஆகுது. பெரியம்மாவுக்கு ரெண்டு பக்கமும் பயம். கொட்டினா அவர் பத்திரமா வெச்சிருந்ததைக் கொட்டின மாதிரி. வெச்சிருந்தா மகன் கண்ல பட்டுடுமோன்னு பயம்.

"குடிக்கலாமா, கெட்டுப்போயிருக்குமா" அப்படின்னு மட்டும் தேடினா இந்தக் கேள்விக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். பாட்டிலுக்குள்ள இருக்கிறது என்ன ஆகியிருக்கும் என்பது ஒரு கேள்வி. அந்த வீட்டுல யார் இருக்காங்க என்பது இன்னொரு கேள்வி. ரெண்டையும் வரிசையா பாத்துடலாம்.

முதல்ல லிஸ்ட் எடுங்க

நான் போனதும் முதல்ல பண்ணது, ஏழையும் கீழே இறக்கி ஒரு பேப்பர்ல எழுதினதுதான். மிலிட்டரி கேன்டீன் ரம் ரெண்டு ஃபுல். 2009-ல சிங்கப்பூர் ஏர்போர்ட்ல வாங்கின 12 வருஷ ஸ்காட்ச் விஸ்கி ஒரு லிட்டர். 2012-ன்னு லேபிள் போட்ட நாசிக் ரெட் ஒயின் ஒண்ணு. துபாய்ல இருந்து யாரோ கொண்டு வந்த ஐரிஷ் கிரீம் ஒரு லிட்டர். பீர் ஒண்ணு. கடைசியா, லேபிளே இல்லாம கார்க் அடைச்ச ஒரு பாட்டில், உள்ள தண்ணி மாதிரி ஏதோ ஒண்ணு.

ஒவ்வொண்ணுக்கும் நாலு விஷயம் குறிச்சேன்: என்ன வகை, ஆல்கஹால் எத்தனை சதவீதம், சீல் உடையாம இருக்கா, உள்ள திரவம் எந்த மட்டத்துல நிக்குது. இந்த நாலும் தெரிஞ்சா பாதி முடிவு தானா வந்துடும்.

விஸ்கி, ரம், பிராந்தி: பாட்டில்ல வயசு ஏறாது

நிறைய பேர் நம்புற ஒரு விஷயம், பழசாக ஆக சரக்கு உசத்தி ஆகும் என்பது. மரப்பீப்பாய்க்குள்ள இருக்கும் வரைக்கும் அது உண்மை. பீப்பாய் மரத்துல இருந்து நிறம், வாசனை, சுவை எல்லாம் இறங்கும். கூடவே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகவும் செய்யும். ஸ்காட்லாந்து குளிர்ல வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் போகும். பெங்களூர் மாதிரி ஊர்ல அது 10 சதவீதத்தைத் தாண்டும். அதனாலதான் நம்ம ஊர் விஸ்கி சீக்கிரமே முதிர்ச்சி அடையுது.

கண்ணாடி பாட்டில்ல ஊத்தி மூடின அந்த நிமிஷமே இந்த வேலை நின்னுடும். 2009-ல வாங்கின 12 வருஷ விஸ்கி இன்னைக்கும் 12 வருஷ விஸ்கிதான்.

அதே மாதிரி, சீலோட இருந்தா கெட்டும் போகாது. நம்ம ஊர் ரம், விஸ்கி லேபிள்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். அந்த அளவு ஆல்கஹால்ல பாக்டீரியாவோ பூஞ்சையோ வளர முடியாது. நடக்கக் கூடியது ரெண்டு. ஒண்ணு, மூடி வழியா ஆவியாகி மட்டம் இறங்குறது. தண்ணியைவிட ஆல்கஹால் வேகமா போகும், அதனால சுவை சப்புன்னு ஆகும். ரெண்டு, கார்க் மூடி காஞ்சு நொறுங்குறது. ஒயினைப் படுக்க வைக்கணும், கார்க் ஈரமா இருக்கும். விஸ்கியைப் படுக்க வைக்கவே கூடாது. அந்த அளவு ஆல்கஹால் கார்க்கை அரிச்சுடும். பெரியப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கு போல. ஸ்காட்ச் நேரா நின்னுது, மட்டமும் கழுத்துலயே இருந்துச்சு.

பழசான சரக்கு விஷமாகுமா?

பெரியம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான். "பழசான சாராயம் விஷமாயிடும்னு சொல்றாங்களே?"

ஆகாது. விஷச் சாராயம்னு நாம சொல்றதுல இருக்கிறது மெத்தனால். எத்தனால் வேற, மெத்தனால் வேற. மூடின பாட்டில்ல எத்தனை வருஷம் வெச்சாலும் ஒண்ணு இன்னொண்ணா மாறாது. மெத்தனால் வெளியில இருந்து கலந்தாத்தான் வரும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேல உயிர் போச்சே, அது கலந்ததால நடந்தது. மெத்தனாலை நம்ம கல்லீரல் முதல்ல ஃபார்மால்டிஹைடாவும், பிறகு ஃபார்மிக் அமிலமாவும் மாத்தும். அந்த அமிலம்தான் கண் நரம்பை அடிக்குது, ரத்தத்துல அமிலத்தன்மையை ஏத்தி ஆளைக் கொல்லுது.

அதனால நம்ம பயம் பழைய பாட்டில் மேல இருக்கக் கூடாது. அடையாளம் இல்லாத பாட்டில் மேல இருக்கணும். அந்த ஏழாவது பாட்டில் என்னன்னு யாருக்கும் தெரியல. மோந்து பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க. மெத்தனாலும் எத்தனாலும் வாசனையில கிட்டத்தட்ட ஒண்ணு. கொளுத்திப் பாத்து தீ நிறத்தை வெச்சுச் சொல்றதும் நம்பற மாதிரி இல்ல. ஊர்ல இருந்து வந்த சாராயமா, பெயின்ட் தின்னரா, வேற எதுவுமா, சொல்லவே முடியாது.

இதுக்கு ஒரே விதிதான்: குடிக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, சமையலுக்கும் கூடாது. சாக்கடையிலயும் ஊத்தாதீங்க, ஒருவேளை தின்னரா இருந்தா? இறுக்கமா மூடி, 'விஷம்'னு பெரிசா எழுதி, குப்பை வாங்குறவங்ககிட்ட தனியா சொல்லிக் கொடுக்கணும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்ல பெயின்ட், பூச்சிமருந்து டப்பா மாதிரியானதெல்லாம் வீட்டு அபாயக் கழிவுன்னு இருந்துச்சு. அதைத் தனியாத்தான் கொடுக்கணும். நாங்க அப்படித்தான் கொடுத்தோம்.

கெட்டுப்போறது எதெல்லாம்?

பீர் கெட்டுப்போகும். லேபிள்லயே தயாரிச்ச தேதியில இருந்து 6 மாசம்னு போட்டிருப்பாங்க. அதுக்கு மேல குடிச்சா ஆபத்துன்னு இல்ல, ஆனா அட்டைப்பெட்டியை ஊற வெச்ச தண்ணி மாதிரி ஒரு சுவை வரும். வெளிச்சம் பட்டா இன்னும் மோசம். பீர்ல கசப்புக்குப் போடுற ஹாப்ஸ்ல இருக்கிற பொருள் வெளிச்சத்துல உடைஞ்சு கந்தக நாத்தம் அடிக்கும். பீர் பாட்டில் பெரும்பாலும் பழுப்பு நிறத்துல இருக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

ஒயின் பழசானா உசத்தின்னு சொல்றது ரொம்பக் கொஞ்சம் ஒயினுக்குத்தான் பொருந்தும். கடையில கிடைக்கிற சாதாரண ஒயின் ரெண்டு மூணு வருஷத்துல குடிக்கிறதுக்குன்னு பண்றது. அதுவும் இரும்பு பீரோவுல வேலூர் வெயில்ல, பத்துக்கு மேல கோடைகாலம். திறந்ததும் புளிச்ச வாசனை. கார்க் வழியா காத்து போச்சுன்னா அசிட்டோபாக்டர்னு ஒரு பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமா, அதாவது வினிகரா, மாத்திடும். குடிச்சா ஆள் சாக மாட்டாங்க, ஆனா குடிக்கத் தோணாது. சமையலுக்கு நல்ல வினிகர் ஆகிடுச்சுன்னும் நம்ப வேண்டாம்.

உண்மையிலேயே ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ஐரிஷ் கிரீம். அதுல பால் கிரீம் இருக்கு, ஆல்கஹால் 17 சதவீதம்தான். பெய்லீஸ் மாதிரி கம்பெனியே தயாரிச்சதுல இருந்து ரெண்டு வருஷம்தான் உத்தரவாதம் கொடுக்குது, அதுவும் 25 டிகிரிக்குள்ள வெச்சிருந்தா. நம்ம ஊர்ல 25 டிகிரி எந்த பீரோவுல இருக்கும்? பாட்டிலைக் கவுத்தப்போ திரவம் வரல. தயிர்க்கட்டி மாதிரி 'பொதக்'னு விழுந்துச்சு. முட்டை, பால், கிரீம் சேர்ந்த எதுவா இருந்தாலும் தேதி தாண்டினா யோசிக்காம கொட்டிடுங்க.

"மருந்துக்கு இருக்கட்டுமே"

இதைச் சொல்லாத வீடே கிடையாது. சளிக்கு அரை ஸ்பூன் பிராந்தி, பிரசவம் ஆன பொண்ணுக்குக் கொஞ்சம், குழந்தை நெஞ்சுல தடவ கொஞ்சம். பெரியம்மாவும் சொன்னாங்க.

வேணாம். குடிச்சா உடம்பு சூடாகிற மாதிரி இருக்கிறது தோல்ல இருக்கிற ரத்தக் குழாய் விரியறதால. உள்ள இருக்கிற சூடு வெளிய போகுது, அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்குக் கொடுத்தா ரத்தத்துல சர்க்கரை சட்டுன்னு இறங்கிடும், வலிப்பு வரைக்கும் போகலாம்.

கை கழுவ சானிடைசரா வெச்சுக்கலாமான்னு ஒரு நண்பர் கேட்டான். அதுக்குக் குறைஞ்சது 60 சதவீதம் ஆல்கஹால் வேணும். 42.8 பத்தாது. ஸ்டிக்கர் பசையைத் துடைக்க வோட்கா ஒத்துவரும், ரம்முல கறைதான் மிஞ்சும்.

விக்கலாமா? கொடுக்கலாமா?

பழைய ஸ்காட்ச்சுக்கு வெளிநாட்டுல ஏலம் நடக்குது, உண்மைதான். இங்க லைசென்ஸ் இல்லாம ஒரு குவாட்டர் வித்தாலும் குத்தம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ல வந்தது, இன்னைக்கும் அமல்ல இருக்கு. ஆன்லைன்ல போட்டோ போட்டு விலை கேக்கிற வேலையே வேண்டாம். வீட்டுல எவ்வளவு வெச்சிருக்கலாம் என்பதுக்கும் வரம்பு உண்டு. அதனால தாத்தா வீட்டுல பெட்டி பெட்டியா கிடைச்சா, காருல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைக் கேளுங்க. குஜராத், பீகார் பக்கம் எடுத்துட்டுப் போறதா இருந்தா, யோசிக்கவே யோசிக்காதீங்க. கேன்டீன் சரக்கு படைவீரர்களுக்கு வரிச் சலுகையில கிடைக்கிறது, அது விக்கிறதுக்கு இல்லன்னு லேபிள்லயே இருக்கும்.

ஸ்காட்ச்சை என்ன பண்றதுன்னு பெரியம்மாவே முடிவு பண்ணாங்க. பெரியப்பாவோட ரெஜிமென்ட்ல இருந்த ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்கார். எழுபது வயசு, மாசத்துக்கு ஒரு தடவை அளவா குடிக்கிறவர். "அவரு பேரைச் சொல்லிக் குடிங்கண்ணா"ன்னு கொடுத்தாங்க. அவர் வாசல்லயே நின்னு பாட்டிலுக்கு ஒரு சல்யூட் அடிச்சார்.

ரம்முல ஒண்ணை எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டாங்க. கிறிஸ்துமஸ் கேக்குக்கு அக்டோபர்லயே உலர்பழத்தை ரம்முல ஊற வைக்கணும். நல்ல யோசனைதான், கொடுத்தோம். ஆனா ஒரு விஷயம் இருக்கு. சமைச்சா ஆல்கஹால் எல்லாம் ஆவியாயிடும்னு நாம நினைக்கிறோம். அமெரிக்க விவசாயத் துறை போட்ட அட்டவணைப்படி, ஒரு மணி நேரம் வேக வெச்சாலும் போட்டதுல 25 சதவீதம் மிச்சம் இருக்கும். ரெண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம்.

எங்க அண்ணன் டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை எடுக்கிறான். அதைச் சாப்பிடுறவங்க உடம்புல கொஞ்சம் ஆல்கஹால் போனாலும் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். சில இருமல் சிரப்கூட கூடாது. அதனால ஆன்ட்டிகிட்ட நேராவே சொன்னோம், "கேக் எங்க வீட்டுக்கு மட்டும் ரம் இல்லாம பண்ணுங்க." அவங்க ஏன்னு கேக்கல. சரின்னு தலையாட்டினாங்க.

கொட்டறதுக்கும் ஒரு முறை இருக்கு

மிச்சம் ஒரு ரம், ஒயின், பீர், ஐரிஷ் கிரீம். நான் நேரா சமையல்கட்டு சிங்க்குக்குத்தான் போனேன். பக்கத்துல அடுப்பு எரியுது, மேல சாமி மாடத்துல விளக்கு. அப்போதான் உறைச்சது. 40 சதவீத ஆல்கஹாலோட ஆவி தீப்பிடிக்க 26 டிகிரி போதும். நம்ம ஊர்ல அது சாதாரண அறை வெப்பம்.

அதனால பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு மாறினோம். நெருப்பு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, காத்தோட்டம் வேணும், குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு பாட்டிலா ஊத்தணும். பீரை முதல்ல குளிர வெச்சு, மூடி மேல துணி போட்டுத் திறங்க, பொங்கி அடிக்கும். செப்டிக் டேங்க் பாழாகுமான்னு கணக்குப் போட்டேன். நாலு பாட்டில்லயும் சேத்து சுத்தமான ஆல்கஹால் 620 மில்லிதான் வருது. ஆயிரம் லிட்டர் தொட்டியில அது 0.1 சதவீதம்கூட இல்ல. ஐரிஷ் கிரீம் கட்டியை மட்டும் வடிகட்டிக் குப்பையில போடுங்க, குழாய் அடைச்சுக்கும்.

காலி பாட்டிலை உடைக்காதீங்க, குப்பை அள்ளுறவங்க கை கிழியும். லேபிளைச் சுரண்டி, மூடியைத் தனியா போடுங்க. நல்ல பிராண்டு காலி பாட்டில்ல போலிச் சரக்கை நிரப்பி விக்கிற கும்பல் இருக்கு, அதுக்கு நம்ம பாட்டில் போகக் கூடாது. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தர்ற திட்டம் 2022-ல நீலகிரியில ஆரம்பிச்சது. அது அதுக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்த பாட்டிலுக்கு மட்டும்தான். பழசை பழைய பேப்பர் கடையில கொடுக்க வேண்டியதுதான்.

ஒளிச்சு வைக்கிறதைப் பத்தி

இதெல்லாம் நடக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு காரியம் பண்ணேன். பெரியம்மா வேணாம்னு சொன்னதை மீறி, அவங்களையும் சம்மதிக்க வெச்சு, அண்ணன்கிட்ட சொல்லிட்டோம். அவன் சிரிச்சான். "மேல் தட்டு, கம்பளிக்குப் பின்னாடி. எனக்குப் பதினஞ்சு வயசுல இருந்தே தெரியும். நிறுத்தின முதல் மாசம் தினம் ராத்திரி அந்த பீரோவைத்தான் பாத்துட்டுப் படுத்திருந்தேன்."

பெரியம்மா எதுவும் பேசல. ரொம்ப நேரம் பீரோ சாவியையே கையில வெச்சு உருட்டிட்டு இருந்தாங்க.

வீட்டுல ஒருத்தர் குடியை விட முயற்சி பண்றார்னா, திறக்காத பாட்டில் ஒரு அலங்காரப் பொருள் கிடையாது. அது இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். அதனால எடுங்க, ஆனா அவர்கிட்ட சொல்லிட்டு எடுங்க. அவரைக் கொட்டச் சொல்லாதீங்க. வாசனையே போதும். நாங்க கொட்டுற நேரத்துல அண்ணன் டீக்கடைக்குப் போயிட்டான், அதை அவனேதான் கேட்டான்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. இப்பவும் தினமும் நிறைய குடிக்கிற ஒருத்தர் வீட்டுல இருந்தா, கோவத்துல எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிட்டு அவரை அறையில போட்டுப் பூட்டாதீங்க. திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். அதுக்குப் பிறகு ஆள் யாருன்னே தெரியாத குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தணும். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல பார்ப்பாங்க. சென்னையில டி.டி.கே. மருத்துவமனை 1980-ல இருந்து இதுக்குன்னே நடக்குது. போன்ல கேக்கணும்னா போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104.

படையல்

பெரியம்மாவுக்குக் கடைசியா ஒரு கவலை. எங்க பக்கம் திதியில இறந்தவருக்குப் பிடிச்சதெல்லாம் வெச்சுப் படைப்பாங்க. பெரியப்பாவுக்கு ரம் வைக்கணும்னு சொந்தக்காரங்க பேசிக்கிட்டாங்க. படைச்ச பிறகு அதை யார் குடிக்கிறது? யாராவது அண்ணன்கிட்ட "அப்பா பிரசாதம், ஒரு வாய்"னு நீட்டினா?

அதுக்கு அவனே பதில் சொன்னான். "அப்பாவுக்கு ரம் பிடிக்கும்மா. ஆனா ஆம்பூர் பிரியாணி அதைவிடப் பிடிக்கும்."

இலையில பிரியாணி, கத்திரிக்காய் பச்சடி, அவர் தினம் குடிச்ச டபுள் ஸ்ட்ராங் காபி ஒரு டம்ளர். வந்தவங்கள்ல ஒரு சித்தப்பா மட்டும் "என்னப்பா, முக்கியமானதைக் காணோம்?"னு கேட்டார். பெரியம்மா அவர் இலையில இன்னொரு கரண்டி பிரியாணியைப் போட்டு, "சாப்பிடுங்க தம்பி, ஆறிடும்"னு சொன்னாங்க.

அந்த மேல் தட்டுல இப்போ பெரியப்பா மெடல் டப்பாவும் கம்பளியும்தான் இருக்கு. பீரோவைப் பூட்டுறது இல்ல.

உங்க வீட்டு மேல் தட்டுலயும் ஏதாவது இருந்தா, இந்த வாரமே இறக்கி ஒரு லிஸ்ட் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.